உதவி பெறுபவர் விமானம் ஏறக் கூடாதா?



கடந்த வாரம் ஆசிரியர் அறையில் மீண்டும் அதே பேச்சு எழுந்தது. "அரசாங்கத்திடம் உதவிப் பணம் வாங்குகிறார்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இலவச உணவும் வாங்குகிறார்கள். விடுமுறை வந்துவிட்டால் குடும்பத்தோடு வெளிநாடு பறக்கிறார்கள். இவர்களுக்கெல்லாம் எதற்கு உதவி?" என்று ஒருவர் கேட்டார். மேசையைச் சுற்றியிருந்த பலரும் தலையாட்டினர். ஒருவர் தம் கைப்பேசியை எடுத்து, யாரோ ஒரு பெற்றோர் முகநூலில் ஏற்றியிருந்த விமான நிலையப் படத்தைக் காட்டினார். மேலும் சிலர் தலையாட்டினர்.

நான் தலையாட்டவில்லை. என் கருத்தை அங்கேயே சொல்லத் தொடங்கினேன். பாட வேளை மணி அடித்துவிட்டது. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். யாரையும் புண்படுத்துவது நோக்கமன்று. ஆனால், இந்தப் பேச்சு பேச்சளவில் நிற்பதில்லை என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் எழுதியே ஆக வேண்டியிருக்கிறது.

ஒரு கட்டுரையால் வந்த வினை

ஈராண்டுகளுக்கு முன் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'என் விடுமுறை' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். நாம் அனைவரும் ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புதான். பெரும்பாலோர் வழக்கம்போல் தாத்தா வீடு, கடற்கரை, பேரங்காடி என்று எழுதினர். ஒரு மாணவன் மட்டும் மூன்று பக்கம் எழுதியிருந்தான். அதுவரை ஒரு பக்கத்தைத் தாண்டாதவன் அவன்.

திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தில் இறங்கியது, வாடகை வண்டியில் துறையூருக்குப் போனது, தன் பாட்டி தம் அக்காளைப் பார்த்ததும் இருவரும் பேசாமலே வெகுநேரம் அழுதது, அந்த வீட்டு ஆட்டுக்குட்டிக்குத் தான் தழை கொடுத்தது, மின்சாரம் போன இரவில் எல்லாரும் வாசலில் பாய் விரித்துப் படுத்தது என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகள் நிறைய. ஆயினும் இருபதாண்டுப் பணியில் நான் திருத்திய நல்ல கட்டுரைகளில் அது ஒன்று.

மகிழ்ச்சி தாங்காமல் அதை ஆசிரியர் அறையில் படித்துக் காட்டினேன். நான் செய்த முதல் தவறு அது. அந்த மாணவன் துணை உணவுத் திட்டத்தில், அதாவது நாம் ஆர்.எம்.டி. என்று சொல்லும் திட்டத்தில், உணவு பெறுபவன். "அப்படியா! இந்தியாவுக்குப் போய் வந்தானா? அந்தப் பட்டியலில் இருக்கிறானே!" என்று ஒரு குரல் கேட்டது. அன்றே அவன் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி விழுந்தது. நான் எதுவும் பேசவில்லை. அது என் இரண்டாவது தவறு.

மறுநாள் சிற்றுண்டிச்சாலையில், வரிசையில் நின்ற அவனைப் பார்த்து ஓர் ஆசிரியர் விளையாட்டாகத்தான் சொன்னார்: "விமானத்தில் போகிறவனுக்கு எதற்கப்பா இலவச நாசி லெமாக்?" பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தானாம். ஆனால் அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் அந்த வரிசைக்கு வரவில்லை. ஓய்வு நேரத்தில் நூலகத்தின் பின்பக்கம் உட்கார்ந்திருந்திருக்கிறான்.

நான்காம் நாள் அவன் தாய் பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலைச் சீருடையிலேயே வந்திருந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் சண்டை போடவில்லை. "சார், பையன் எழுதின அந்தக் கட்டுரையைக் கிழிச்சுப் போட்டுடுங்க சார். டிக்கெட்டு என் தம்பி எடுத்துக் கொடுத்தது. நாங்க யாரையும் ஏமாத்தல" என்றார். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் அவருடைய சம்பளச் சீட்டுகள், தம்பி அனுப்பிய பணத்திற்கான வங்கிச் சீட்டு எல்லாம் இருந்தன. ஒரு கட்டுரைக்காக ஒரு தாய் தம் வருமானச் சான்றுகளைத் தூக்கிக்கொண்டு என் முன் நின்றார். அன்று பட்ட வெட்கம் இன்னும் எனக்குத் தீரவில்லை.

உதவிக்கு அளவுகோல் எது?

முதலில் ஒரு கேள்வி. அரசாங்க உதவிக்கு அளவுகோல் என்ன? வருமானமா, மகிழ்ச்சியா?

'சும்பாங்கான் துனாய் ரஹ்மா' எனும் ரொக்க உதவிக்குக் குடும்ப வருமானம் மாதம் 5,000 வெள்ளிக்குள் இருக்க வேண்டும். சமூக நல இலாகாவின் முதியோர் உதவி, ஆதரவும் போதிய வருமானமும் இல்லாத, அறுபது வயதைத் தாண்டியோருக்கு உரியது. அதன் தொகை 2021இல் 350 வெள்ளியிலிருந்து 500 வெள்ளியானது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 600 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பள்ளித் துணை உணவுத் திட்டமும் குடும்ப வருமானத்தைப் பார்த்தே முன்னுரிமை கொடுக்கிறது. இவற்றில் எந்த விண்ணப்பப் பாரத்தில், "நீங்கள் கடல் கடந்து போனதுண்டா?" என்ற கேள்வி இருக்கிறது? அரசாங்கம் கேட்காத கேள்வியை நாம் ஏன் கேட்கிறோம்?

வறுமை என்பது என்ன என்பதில் இந்த நாட்டிற்கே நீண்ட காலம் தெளிவு இருக்கவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் மாதம் 980 வெள்ளி சம்பாதிக்கும் குடும்பம் வறுமைக் கோட்டைத் தாண்டிய குடும்பமாகக் கணக்கிடப்பட்டது. அந்தக் கணக்கின்படி நாட்டில் ஏழைகள் 0.4 விழுக்காடுதான். 2019 ஆகஸ்டில் இங்கு வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் அந்த எண்ணை நம்ப முடியாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அதை நம் தலைவர்கள் சிலர் மறுத்தார்கள். ஆனால் 2020இல் அரசாங்கமே வறுமைக் கோட்டை 2,208 வெள்ளியாக மாற்றியது. உடனே 2019ஆம் ஆண்டுக்கான வறுமை விகிதம் 5.6 விழுக்காடாகத் தெரிந்தது. 2022இல் கோடு 2,589 வெள்ளியானது, விகிதம் 6.2 விழுக்காடு.

இதில் நமக்குள்ள பாடம் என்ன? கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்து இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் ஏழைகளாகவும் ஏழையல்லாதோராகவும் மாறுகிறார்கள். வல்லுநர்கள் கூடிக் கணக்கிட்டும் தவறிய ஒன்றை, நாம் ஒரு முகநூல் படத்தைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் தீர்மானித்து விடுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

நான் பேசிய அந்தக் குடும்பத்தின் கணக்கை, அத்தாயின் ஒப்புதலோடு, பெயர் குறிப்பிடாமல் எழுதுகிறேன். தாயின் சம்பளம் மிகுதி நேர வேலையையும் சேர்த்து மாதம் ஏறக்குறைய 2,300 வெள்ளி. தந்தை இல்லை. வீட்டில் பாட்டி, தாய், மகன் என மூவர். பயணத்திற்கு ஆன மொத்தச் செலவு 3,600 வெள்ளி. அதில் 1,950 வெள்ளிக்கு மூவருக்கும் விமானச் சீட்டை, மலிவு விலை அறிவிப்பு வந்தபோது, ஒன்பது மாதத்திற்கு முன்பே தம்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அவர் ஜொகூர் பாருவிலிருந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருபவர். மீதம் 1,650 வெள்ளி தாயின் சேமிப்பு.

திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவர்கள் மேற்கொண்ட ஒரே பயணம் இதுதான். 3,600 வெள்ளியைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு, அதாவது 144 மாதங்களுக்குப் பங்கிட்டுப் பாருங்கள். மாதத்திற்கு 25 வெள்ளி! அதிலும் பாதிக்கு மேல் தம்பியின் பணம். இந்த 25 வெள்ளியைத்தான் நாம் "உல்லாச வாழ்க்கை" என்கிறோம். நம்மில் பலர் ஒரு வேளை காப்பிக்கும் கேக்குக்கும் அதைக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

"அந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்குச் செலவிட்டிருக்கலாமே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விபோல் தோன்றும். ஆனால், பட்டறிவே சிறந்த கல்வி என்று ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நமக்குக் கற்பித்தார்களே, அது யாருக்கு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வெளிநாடு போனால் "பொது அறிவு வளரும்" என்கிறோம். ஏழை வீட்டுப் பிள்ளை போனால் "வீண் செலவு" என்கிறோம். ஒரு பக்கம் எழுதியவனை மூன்று பக்கம் எழுத வைத்தது அந்தப் பயணம். நான் ஓராண்டு முயன்றும் செய்ய முடியாததை அந்த ஆட்டுக்குட்டி செய்துவிட்டது.

இது உல்லாசப் பயணமா?

நம் சமுதாயத்தைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. இங்குள்ள தமிழர் இந்தியாவுக்குப் போவதை முழுக்க முழுக்கச் சுற்றுலா என்று சொல்லிவிட முடியுமா?

நம் பாட்டன்மார் பஞ்சம் பிழைக்கக் கப்பலேறி வந்தவர்கள். உதவிபெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசாங்கம் நிறுத்தியது. அதோடு கங்காணி முறையும் முடிவுக்கு வந்தது. ஆனால் உறவுகள் அன்றோடு அறுந்து போகவில்லை. 1926இல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அதன்பின் 'சிதம்பரம்' கப்பல் ஓடியது. 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்ததற்குப் பிறகு அந்தக் கப்பல் வழியும் நின்று போயிற்று. அன்றைய தோட்டத் தொழிலாளிகூட வாழ்நாளில் ஒருமுறை "ஊருக்குப் போய்" வந்தார். மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு சேர்த்து வைத்துப் போய் வந்தார். அவரை யாரும் ஊதாரி என்று ஏசவில்லை.

கப்பல் நின்ற பிறகு, விமானக் கட்டணம் கொடுக்க முடியாத ஏழைகளுக்கு அந்த வழி அடைபட்டது. அக்காள் அங்கே, தங்கை இங்கே என்று பிரிந்தவர்கள் கடிதத்திலேயே முதுமை அடைந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 2008 டிசம்பரில் ஏர் ஆசியா மலிவு விலைச் சேவையைத் தொடங்கிய பிறகே பலருக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது. அம்மாணவனின் பாட்டி தம் அக்காளைக் கடைசியாகப் பார்த்தபோது சிறு பெண். இருவரில் ஒருவர் கண்ணை மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று போனார். முதியோர் உதவிப் பணம் வாங்குகிறவர் தம் உடன்பிறப்பின் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

மற்ற நாடுகளில் எப்படி?

"வெளிநாடுகளில் இப்படியெல்லாம் விடமாட்டார்கள்" என்று ஒருவர் சொன்னார். உண்மையில் அங்கே நடப்பது வேறு.

நெதர்லாந்தில் சமூக உதவி பெறுபவர் பொதுவாக ஆண்டுக்கு நான்கு வாரம் வரை வெளிநாடு போய் வரலாம். ஜெர்மனியில் வேலையில்லாதோருக்கான அடிப்படை உதவி பெறுபவர், அலுவலகத்தின் ஒப்புதலோடு ஆண்டுக்கு மூன்று வாரம் ஊரை விட்டுப் போகலாம். பிரிட்டனில் 'யுனிவர்சல் கிரெடிட்' பெறுபவர் முறைப்படி அறிவித்துவிட்டு ஒரு மாதம் வரை வெளியே இருக்கலாம். ஆஸ்திரேலியாவில் உடற்குறையுள்ளோர் ஓய்வூதியத்திற்கு 2015 முதல் பன்னிரண்டு மாதங்களில் மொத்தம் 28 நாள் என்ற வரம்பு இருக்கிறது.

கவனியுங்கள். வரம்பு இருக்கிறது, தடை இல்லை. அந்த வரம்புகூட எதற்காக? வேலை தேடுபவர் வேலை கிடைத்தால் சேரக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். உதவி பெறுபவர் உண்மையில் அந்த நாட்டில்தான் வாழ வேண்டும். அவ்வளவே. ஏழை மகிழ்ச்சியாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட சட்டமன்று அது.

அங்கும் நம் ஆசிரியர் அறைப் பேச்சுபோல் பேச்சு எழுந்ததுண்டு. 2003 ஆகஸ்டில், அமெரிக்காவின் மயாமியில் கடற்கரையோரம் வாழ்ந்துகொண்டே ஜெர்மன் சமூக உதவி பெற்ற ஒருவரைப் பற்றி 'பில்ட்' நாளிதழ் பெரிய எழுத்தில் எழுதியது. நாடே கொதித்தது. சில மாதங்களிலேயே சட்டம் கடுமையாக்கப்பட்டது. ஆனால் அப்போது வெளிநாட்டிலிருந்து உதவி பெற்றவர்கள் ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். ஜெர்மனியில் உதவி பெற்றவர்கள் 27 இலட்சத்துக்கும் மேல். நிரந்தரமாக வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு உதவி பெறுவதைச் சீர்செய்ததை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த ஒருவருடைய படத்தைப் பார்த்த கண்ணோடுதான் மற்ற இலட்சக்கணக்கானோரையும் மக்கள் பார்த்தார்கள். ஒரு படம் செய்யும் வேலை அது. நம் சக ஆசிரியர் கைப்பேசியில் காட்டியதும் ஒரு படம்தான்.

நாமும் உதவி பெறுபவர்களே!

இப்போது கொஞ்சம் நம் பக்கம் திரும்புவோம். கசப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. அரசு ஊழியர்களாகிய நமக்கு அரசாங்க வீட்டுக் கடன் 4 விழுக்காட்டு வட்டியில் கிடைக்கிறது. சந்தை வட்டி எவ்வளவு ஏறினாலும் நம் வட்டி ஏறுவதில்லை. அது உதவியில்லையா?

2. பல ஆண்டுகள் பெட்ரோல் லிட்டருக்கு 2.05 வெள்ளி என்ற விலையில் அரசாங்கத்தின் உதவித் தொகையோடு கிடைத்தது. 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு 1.99 வெள்ளி, மாதம் 300 லிட்டர் வரை என்ற திட்டம் வந்தது. இரண்டு கார் வைத்திருப்பவர் இதில் கூடுதலாகப் பயன் பெறுகிறாரா, பேருந்தில் போகும் அந்தத் தாய் கூடுதலாகப் பயன் பெறுகிறாரா?

3. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் முதல் 2022 வரை, உள்நாட்டுச் சுற்றுலாச் செலவுக்கு 1,000 வெள்ளி வரை வருமான வரி விலக்கு கொடுத்தார்கள். தங்கும் விடுதிச் சீட்டை வைத்துக்கொண்டு நாம் விலக்குக் கோரினோம். அதாவது, நம் விடுமுறைக்கே அரசாங்கம் உதவியது! வரி கட்டும் அளவுக்கு வருமானமில்லாத ஏழைக்கு அதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. சிங்கப்பூரிலும் 2020 டிசம்பரில் பதினெட்டு வயதைத் தாண்டிய குடிமக்கள் அனைவருக்கும் உள்ளூர்ச் சுற்றுலாவுக்காக 100 சிங்கப்பூர் வெள்ளி மதிப்புள்ள பற்றுச்சீட்டு வழங்கினார்கள். வருமானம் பார்க்கவில்லை.

4. 2025 ஆகஸ்டு 31 முதல் பதினெட்டு வயது நிரம்பிய மலேசியர் ஒவ்வொருவர் மைகார்டிலும் 100 வெள்ளி வந்து சேர்ந்தது. மாளிகையில் இருப்பவருக்கும் அது வந்தது. நமக்கும் வந்தது. அந்த ஆண்டிறுதியில் நம்மில் எத்தனை பேர் வெளிநாடு போனோம்? "100 வெள்ளி வாங்கிக்கொண்டு பாலித்தீவுக்குப் போகிறாயே" என்று யாராவது நம்மைக் கேட்டார்களா?

நம் கைக்கு வருவதை நாம் "சலுகை" என்கிறோம், "உரிமை" என்கிறோம். அவர்கள் கைக்கு வருவதை மட்டும் "உதவி" என்கிறோம். ஒரே கருவூலத்திலிருந்து வரும் பணத்துக்கு இரண்டு பெயர். பள்ளித் தொடக்க உதவியைப் பாருங்கள். வருமான வரம்பு இருந்தவரை, "அவருக்கு ஏன் கொடுத்தார்கள்?" என்ற பேச்சு இருந்தது. 2023இல் அது 150 வெள்ளியாகி, வருமான வேறுபாடின்றி எல்லா மாணவர்க்கும் என்றானதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. நாமும் வாங்கத் தொடங்கிய பிறகு அதில் இழிவு ஏதும் இல்லாமல் போய்விட்டது!

ஏமாற்றுபவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு பேசவில்லை. சொந்தமாக வணிகம் நடத்திக்கொண்டு, வருமானத்தைக் குறைத்துக் காட்டி, பிள்ளையின் பெயரை உதவிப் பட்டியலில் சேர்ப்பவர்கள் உண்டு. கணவன் மனைவி இருவரும் சம்பாதித்தும் ஒருவரின் சம்பளத்தை மட்டும் எழுதுபவர்களும் உண்டு. அவர்கள் எடுப்பது அரசாங்கப் பணம் மட்டுமன்று. பட்டியலில் இடமில்லாமல் நிற்கும் வேறொரு பிள்ளையின் காலை உணவு. அதை மன்னிக்க என்னால் முடியாது.

கடன் வாங்கிச் சுற்றுபவர்களையும் நான் ஆதரிக்கவில்லை. வட்டி முதலையிடம் கடன் வாங்கி ஊர் சுற்றிவிட்டு, பிறகு வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்படுவதைப் பார்த்துப் பிள்ளைகள் நடுங்கும் நிலையை நானே பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்பவரைக் கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.

ஆனால் ஏமாற்றுபவரின் குற்றம் என்ன? வருமானத்தை மறைத்தது. விமானம் ஏறியதன்று! அவர் ஒருநாளும் வெளிநாடு போகாமல் வீட்டிலேயே இருந்தாலும் அவர் ஏமாற்றுக்காரர்தான். அந்தத் தாய் ஒருமுறை துறையூருக்குப் போய் வந்தாலும் அவர் தகுதியுள்ளவர்தான். பயணத்தை அளவுகோலாக வைத்தால், வாய் திறக்காத ஏமாற்றுக்காரர் தப்பிவிடுவார்; உண்மையை மூன்று பக்கம் எழுதிய சிறுவன் அகப்பட்டுக்கொள்வான். ஐயம் இருந்தால் வருமானச் சான்றைக் கேளுங்கள். முறைப்படி மாணவர் நலப் பிரிவின் வழியாகப் பெற்றோரை அழைத்துப் பேசுங்கள். பயணம் ஒரு கேள்வியை எழுப்பலாம். தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

உண்மையான காரணம்

இவ்வளவு சொன்ன பிறகும் சிலருக்குள் அந்த உறுத்தல் இருக்கும். எனக்குள்ளும் இருந்தது. ஏன் என்று என்னையே கேட்டுப் பார்த்தேன்.

நாம் ஏழைக்கு உதவுவதை விரும்புகிறோம். ஆனால் உதவி பெற்றவர் எப்போதும் ஏழையாகவே தோற்றமளிக்க வேண்டும் என்றும் விரும்புகிறோம். சட்டை பழையதாக இருக்க வேண்டும். குரல் தாழ்ந்திருக்க வேண்டும். கைப்பேசி உடைந்திருக்க வேண்டும். அவர் ஒருநாள் நல்ல உடை உடுத்திச் சிரித்த முகத்தோடு விமான நிலையத்தில் நின்றுவிட்டால் நமக்கு ஏமாற்றமாகிவிடுகிறது. நாம் கொடுத்ததற்கு உரிய பணிவு வரவில்லை என்ற ஏமாற்றம் அது. ஆனால் கொடுத்தது நாமல்லவே! மக்களின் வரிப்பணத்திலிருந்து, மக்களுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. அத்தாயும் கடையில் பொருள் வாங்கும்போதெல்லாம் விற்பனை வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

நான் தோட்டத்துப் பிள்ளை. என் தந்தையார் பால் மரம் வெட்டியவர். நான் பள்ளியில் படித்தபோது இலவசப் பால் குடித்தேன்; பாடநூல் இரவல் திட்டத்தில் புத்தகம் பெற்றேன். ஒருமுறை தைப்பூசத்திற்கு எங்களைப் பத்துமலைக்கு அழைத்துப் போக என் தந்தையார் மூன்று மாதம் வெற்றிலை போடுவதை நிறுத்தினார். அந்த ஒருநாளைத்தான் இன்றும் என் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்கிறேன். அன்று யாராவது என் தந்தையாரிடம், "இலவசப் பால் குடிக்கிறவன் மகனுக்குத் திருவிழா எதற்கு?" என்று கேட்டிருந்தால்? அந்தக் கேள்வியை என் பள்ளியில் ஒரு சிறுவனிடம் கேட்டுவிட்டார்கள். நான் அதே பள்ளியில் வாய் மூடி இருந்தேன்.

நாம் செய்ய வேண்டியவை

வெறுமனே குறை சொல்லிவிட்டுப் போவது ஆசிரியருக்கு அழகன்று. ஆகவே, சக ஆசிரியர்களிடம் நான் வேண்டிக்கொள்வது:

1. உதவி பெறும் மாணவர்களின் பெயரைச் சபைகூடலில் வாசிக்காதீர்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டாதீர்கள். அது நிருவாகத்திற்கு உரிய பட்டியல். ஊர் பார்ப்பதற்கு உரியதன்று.

2. வகுப்பில் பிள்ளை எழுதியதையும் சொன்னதையும் அவன் குடும்பத்துக்கு எதிரான சான்றாக ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள். கட்டுரை ஏடு விசாரணைக் கோப்பு அன்று.

3. பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்க நினைத்தால், நீக்கும் முன் பெற்றோரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்தப்போய் ஒரு பிள்ளையை மூன்று நாள் பட்டினி போட்டோம்.

4. விளையாட்டுப் பேச்சு என்று ஏழைப் பிள்ளையின் தட்டைப் பற்றிப் பேசாதீர்கள். நாம் மறந்துவிடுவோம்; அவன் மறக்க மாட்டான்.

அந்த மாணவனின் பெயருக்கு எதிரே இருந்த கேள்விக்குறியை நானே நின்று அழிக்கச் செய்தேன். தலைமையாசிரியரிடமும் நடந்ததைச் சொன்னேன். அவர் அத்தாயிடம் வருத்தம் தெரிவித்தார். அவன் மீண்டும் வரிசைக்கு வந்தான். கட்டுரையை நான் கிழிக்கவில்லை; அத்தாயிடமே பத்திரமாகக் கொடுத்துவிட்டேன். பாட்டியின் அக்காள் அடுத்த சில மாதங்களில் துறையூரில் காலமாகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அடுத்த ஆண்டும் அதே வகுப்பு எனக்கு வந்தது. 'என் விடுமுறை' என்ற தலைப்பை நான் கொடுக்கவில்லை. 'நான் மறக்க முடியாத நாள்' என்று கொடுத்தேன். அந்த ஆட்டுக்குட்டி மீண்டும் வரும் என்று மனத்துக்குள் ஒரு நப்பாசை. அவன் அரைப் பக்கம் எழுதியிருந்தான். பிழையே இல்லை. வீட்டில் இருந்ததாகவும், தொலைக்காட்சி பார்த்ததாகவும், அம்மாவுக்கு உதவியதாகவும், எங்கும் போகவில்லை என்றும் எழுதியிருந்தான். 'எங்கும் போகவில்லை' என்பதை இரண்டு முறை எழுதியிருந்தான்.

பத்து வயதில் மூன்று பக்கம் உண்மை எழுதியவனுக்குப் பதினொரு வயதில் அரைப் பக்கம் மறைக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறோம். இதற்குத்தானா அன்பர்களே நாம் ஆசிரியர்களானோம்?

அடுத்த முறை ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழும்போது, மணி அடித்தாலும் நான் எழுந்து போகப் போவதில்லை. நீங்களும் எழுந்து போகாதீர்கள்.

சிந்திப்போம்.